வலமிருந்து இடம்: திரையில் தெரிவதும் கோப்பில் இருப்பதும்

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, அரபு, உருது போன்று வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளின் ஆவணங்களைக் கணினியிலும் செல்பேசியிலும் திறக்கும்போது ஏற்படும் இடர்ப்பாடுகளைப் பற்றியவை. வளைகுடா நாடுகளில் வேலை செய்வோரும், வீட்டில் பழைய நூல்களைப் பாதுகாத்து வருவோரும், பள்ளியில் உருது கற்பிப்போரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பிற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இப்பொருளுக்கே பக்கங்களைத் தருகிறேன்.

கேள்வி: வீட்டு வாடகை ஒப்பந்தம் பிடிஎஃப் கோப்பாக வந்தது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபு. அரபுப் பகுதியை நகலெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டினால், எழுத்துகள் தலைகீழ் வரிசையில், ஒன்றோடொன்று சேராமல் வருகின்றன. திரையில் தெளிவாகத் தெரியும் சொல்லைத் தேடினாலும் கிடைக்கவில்லை என்கிறது. பழுது கோப்பிலா, மென்பொருளிலா?
— வாசகர், ஷார்ஜா

பதில்: பெரும்பாலும் இரண்டுக்கும் பங்கு உண்டு. இதைப் புரிந்துகொள்ளத் தமிழிலிருந்தே தொடங்கலாம். தமிழ்ப் பிடிஎஃப் ஒன்றிலிருந்து 'கெட்டி' என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டும்போது, ஒற்றைக்கொம்பு தனியே கழன்று முன்னால் நிற்க, அதன் பின் 'கட்டி' என்று வருவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் 'க' எழுதுகிறோம். ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தந்து கணினியில் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'க' முதலிலும் கொம்பு அதன் பின்னும், அதாவது ஒலிக்கும் வரிசையில், சேமிக்கப்படுகின்றன. சேமிக்கும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. இவ்விரண்டையும் கலந்துவிட்டால் கொம்பு கழன்றுவிடுகிறது. தமிழில் ஓர் எழுத்துக்குள் நிகழும் இக்குழப்பம், அரபியில் ஒரு வரி முழுவதற்கும் நிகழ்கிறது என்று எண்ணிக்கொண்டால் உங்கள் கோப்பின் நிலை விளங்கிவிடும்.

பிடிஎஃப் கோப்பு அடிப்படையில் வரைவதற்கான கட்டளைகளின் தொகுப்பு. இந்த எழுத்துருவிலிருந்து இந்த எண்ணுள்ள வடிவத்தை எடு, பக்கத்தில் இந்த இடத்தில் வை என்பதே அதில் உள்ளது. வடிவங்கள் சரியான இடத்தில் விழுந்தால் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். அந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதைச் சொல்வதற்குத் தனியே ஓர் அட்டவணை கோப்புக்குள் இருக்க வேண்டும். அந்த அட்டவணை இல்லாவிட்டாலோ, அரைகுறையாக இருந்தாலோ, தேடலும் நகலெடுத்தலும் முதல் அடியிலேயே தோற்றுவிடும்.

அட்டவணை இருந்தாலும் வரிசை பற்றிய சிக்கல் எஞ்சி நிற்கிறது. கோப்பை உருவாக்கிய மென்பொருள்கள் பல, அரபு வரியை இடமிருந்து வலமாகவே, அதாவது கடைசி எழுத்தை முதலில் வைத்து எழுதிவிடுகின்றன. அதைத் திறக்கும் மென்பொருள், 'இது அரபு வரி, இதைத் திருப்பிப் படிக்க வேண்டும்' என்று உணர்ந்து, உள்ளே வரும் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் திருப்பாமல் விட்டு, மூல வரிசையை மீட்டெடுக்க வேண்டும். எளிய மென்பொருள்கள் இதைச் செய்வதில்லை. வேறு சில, எதையும் ஆராயாமல் வரி முழுவதையும் எழுத்து எழுத்தாகத் திருப்பிவிடுகின்றன.

அப்படித் திருப்புவதில் எவ்வளவு நுட்பமான பிழை நேரும் என்பதற்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஸலாம்' என்ற அரபுச் சொல் ஸீன், லாம், அலிஃப், மீம் என்ற நான்கு எழுத்துகளால் ஆனது. லாமும் அலிஃபும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் பின்னிப் பிணைந்து ஒரே வடிவமாக எழுதப்படும் என்பது அரபு எழுத்தின் மாறா விதி. ஆகவே பிடிஎஃப் கோப்பில், இடப்புறத்திலிருந்து எண்ணினால், மீம், லாம்-அலிஃப் கூட்டுவடிவம், ஸீன் என மூன்று வடிவங்களே இருக்கும். மென்பொருள் முதலில் கூட்டுவடிவத்தை லாம், அலிஃப் என்று பிரித்துவிட்டு, அதன் பிறகு வரியைத் திருப்பினால் கிடைப்பது ஸீன், அலிஃப், லாம், மீம். அதைப் படித்தால் 'ஸாலிம்'! அமைதி என்ற சொல், நலமுடையவன் என்ற வேறொரு சொல்லாக மாறிவிட்டது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்களாகையால் எழுத்துப்பிழை திருத்தியும் இதைக் கண்டுபிடிக்காது. முதலில் திருப்பிவிட்டுப் பிறகு பிரித்திருந்தால் பிழையே நேர்ந்திருக்காது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதை நினைக்கும்போதுதான், இதைச் சிறு குறைபாடு என்று கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் வருவதற்குக் காரணம் வேறு. அரபு எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனித்து நிற்கும்போது ஒன்று, சொல்லின் முதலில் ஒன்று, இடையில் ஒன்று, கடைசியில் ஒன்று என நான்கு வடிவங்கள் உண்டு. யூனிகோடு முறையில் எழுத்தை மட்டும் சேமித்தால் போதும். உரிய வடிவத்தை எழுத்துரு தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஆனால் பழைய முறைகளோடு ஒத்துப்போவதற்காக, அந்த நான்கு வடிவங்களுக்கும் தனித்தனி எண்கள் யூனிகோடு அட்டவணையின் ஒரு மூலையில் வைக்கப்பட்டுள்ளன. உங்கள் கோப்பு அந்த மூலையிலிருந்து எண்களை எடுத்திருந்தால், நீங்கள் தட்டச்சு செய்து தேடும் சொல்லும் கோப்பில் உள்ள சொல்லும் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வெவ்வேறாகவும் இருக்கும். நல்ல மென்பொருள் தேடும் முன் இரண்டையும் ஒரே அடிப்படை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். யூனிகோடு அமைப்பே இதற்கு 'இயல்பாக்கம்' என்ற வழிமுறையை வகுத்துத் தந்திருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை: அதே கோப்பை வேறு இரண்டு மென்பொருள்களில் திறந்து, ஒரே சொல்லை நகலெடுத்துப் பாருங்கள், ஒன்றில் சரியாக வந்தால் பழுது பெரும்பாலும் மற்றதில்தான். எதிலும் வரவில்லையென்றால் ஒப்பந்தத்தைத் தந்தவரிடம் மூல வேர்டு கோப்பைக் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பக்கத்தைப் படமாக மாற்றி, படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு உரையாக்கும் மென்பொருளான எழுத்துணரியில், அரபு அறிந்த ஒன்றாகப் பார்த்துக் கொடுத்துப் படிக்கச் செய்யலாம். கோளாறான உரையைவிட அது பல நேரங்களில் மேலானது. ஆனால் இது வாடகை ஒப்பந்தம். அமீரகத்தில் வழக்கு என்று வந்தால் பொதுவாக அரபுப் பகுதியே செல்லுபடியாகும். கையொப்பமிடும் முன், அரபு நன்கறிந்த ஒருவரை அச்சிட்ட தாளையே படித்துச் சொல்லச் செய்யுங்கள். ஒட்டிக் கிடைத்த உரையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: அரபு விலைப்பட்டியல்களில் தேதி சில இடங்களில் 12-5-2024 என்றும், சில இடங்களில் 2024-5-12 என்றும் தெரிகிறது. தொலைபேசி எண்ணின் கூட்டல் குறி வலப்புறம் போய்விடுகிறது. அடைப்புக்குறிகளும் இடம் மாறுகின்றன. தட்டச்சு செய்தவர் சரியாகத்தான் செய்ததாகச் சொல்கிறார்.
— வாசகர், ஜித்தா

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அரபியிலும் எபிரேயத்திலும் எழுத்துகள் வலமிருந்து இடம் சென்றாலும் எண்கள் இடமிருந்து வலமாகவே எழுதப்படுகின்றன. ஆகவே ஒரே வரிக்குள் இரண்டு திசைகள். இவற்றை எப்படி அடுக்குவது என்பதை யூனிகோடு அமைப்பு 'இருதிசை வழிமுறை' என்ற பெயரில் விதிகளாக வகுத்துள்ளது. அதன்படி எழுத்துகளுக்கு உறுதியான திசை உண்டு. எண்களுக்கு வலுக்குறைந்த திசை. இடைவெளி, அடைப்புக்குறி போன்றவற்றுக்குச் சொந்தத் திசை கிடையாது, அக்கம்பக்கத்தைப் பார்த்தே நடந்துகொள்ளும்.

உங்கள் தேதிக்கு வருவோம். அரபியில் 'தாரீக்' என்று எழுதி, அதையடுத்து 12-5-2024 என்று தட்டச்சு செய்தால், எண்களுக்கு முன்னால் அரபு எழுத்து இருப்பதால், விதிகளின்படி சிறுகோடு எண்களைச் சேர்த்துக் கட்டாது. மூன்று எண்களும் மூன்று தனித் துண்டுகளாகி வலமிருந்து இடமாக அடுக்கப்படும். இடமிருந்து படிக்கும் நம் கண்ணுக்கு 2024-5-12 என்று தெரியும். அதே தேதியைச் சாய்கோட்டுடன் 12/5/2024 என்று எழுதினால் துண்டுகள் பிரியாது. சாய்கோட்டுக்கு விதி வேறு. எபிரேய எழுத்துக்குப் பின் வந்தாலோ சிறுகோட்டுடன் எழுதினாலும் பிரியாது. முன்னால் எழுத்தே இல்லாமல் தனிக் கட்டத்தில் தேதி மட்டும் இருந்தால் அங்கும் பிரியாமல் நிற்கும். ஒரே பட்டியலில் இரண்டு விதமாகத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். விதியை முழுமையாகப் பின்பற்றும் மென்பொருள்தான் இப்படிக் காட்டும் என்பதையும் கவனியுங்கள். இது மென்பொருளின் பிழையன்று.

தொலைபேசி எண்ணிலும் இதே கதை. இடைவெளிவிட்டு எழுதிய எண் தொகுதிகள் இடம் மாறிவிடுகின்றன, +971 என்பது 971+ ஆகிவிடுகிறது. எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத 'இடமிருந்து வலம்' குறி ஒன்றைச் சேர்த்தால் போதும், தேதியும் தொலைபேசி எண்ணும் சீராகிவிடும். வேர்டு போன்ற மென்பொருள்களில் சிறப்புக் குறியீடுகளின் பட்டியலில் இக்குறி கிடைக்கும். வடிவமைப்பை நீங்களே தீர்மானிக்க முடியுமென்றால் சாய்கோட்டையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடைப்புக்குறியின் சிக்கலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. கணினியில் அது 'தொடக்கம்', 'முடிவு' என்ற பொருளில் கையாளப்படுவதால், வலமிருந்து இடம் செல்லும் வரியில் வடிவம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்ப வேண்டும். பழைய மென்பொருள்கள் சில இதைச் செய்வதில்லை. நிறுவனப் பெயரை அரபியிலும் அதன் சுருக்கத்தை ஆங்கிலத்தில் அடைப்புக்குள்ளும் எழுதும்போது, ஒரு குறி ஒரு திசையிலும் அதன் இணை மறு திசையிலும் சேர்ந்துவிடுவது மற்றொன்று. 2013-இல் வெளிவந்த யூனிகோடு 6.3 பதிப்பில், அடைப்புக்குறிகளை இணையாகவே கருதி ஒரே திசையில் வைக்கும் விதி சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய விதிகளோடு நின்றுவிட்ட மென்பொருளைப் பயன்படுத்தினால் இத்தொல்லை தொடரும், புதுப்பித்துப் பாருங்கள்.

கேள்வி: பெயரின் இறுதியில் ஜேபிஜி என்று இருந்த கோப்பைப் படம் என்று நினைத்து என் மகன் திறக்கப் போனான். அது நிரல் கோப்பு என்று வைரஸ் தடுப்பு மென்பொருள் எச்சரித்தது. பெயரில் ஜேபிஜி என்று இருக்கும்போது அது எப்படி நிரலாக முடியும்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: திசைக்குறியைத் தீய நோக்கத்துக்குப் பயன்படுத்தும் பழைய தந்திரம் இது. 'இதற்குப் பின் வருவதையெல்லாம் வலமிருந்து இடமாகக் காட்டு' என்று கட்டளையிடும், கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று யூனிகோடில் உண்டு. உண்மையில், நிரல் கோப்பைக் குறிக்கும் எக்ஸிஇ என்று முடியும் பெயரில், அந்தக் குறியை நடுவே செருகி, அதன் பின்னால் ஜேபிஜி என்பதன் எழுத்துகளைத் தலைகீழாக எழுதிவிட்டால், திரையில் ஜேபிஜி கடைசியில் வந்து நிற்கும். எக்ஸிஇ முன்னால் போனாலும் அதன் எழுத்துகள் திருப்பினாலும் மாறாதவை. 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய குறிகளைக் கொண்டு நிரல்களின் மூல வரிகளையே படிப்பவர் கண்ணுக்கு வேறாகக் காட்ட முடியும் என்று விளக்கினார்கள். கோப்பின் வகையைப் பெயரை வைத்து முடிவு செய்யாமல், கோப்புப் பட்டியலில் 'வகை' என்ற பத்தியைத் திறந்து வைத்துப் பாருங்கள். அங்கே உண்மை தெரிந்துவிடும். அறியாதவரிடமிருந்து வந்த கோப்பென்றால் திறக்கவே வேண்டாம்.

கேள்வி: என் வாப்பாவின் வாப்பா வைத்திருந்த, கல்லச்சில் அச்சான அரபுத்தமிழ் நூல் ஒன்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினேன். ஒற்றைப் பக்கமாகப் பார்க்கையில் சரியாக இருக்கிறது. புத்தகம்போல் இரு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் வலப்பக்கம் இருக்க வேண்டியது இடப்பக்கம் வருகிறது. கோப்பின் பக்கங்களைக் கடைசியிலிருந்து முதலாக மாற்றி அடுக்கிவிடலாமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். அப்படி அடுக்கிய கோப்பில் 1-ஆம் பக்கம் என்று கணினி சொல்வது நூலின் கடைசிப் பக்கமாக இருக்கும். நாளை ஒருவர் பக்க எண்ணைச் சுட்டி எழுதினாலும், செல்பேசியில் ஒற்றைப் பக்கமாகப் படிக்க முயன்றாலும், ஒரு பகுதியைப் பிரித்து அச்சிட்டாலும் எல்லாம் தலைகீழாகும். பக்கங்கள் படிக்கும் வரிசையிலேயே இருக்கட்டும். நூல் எந்தப் பக்கம் கட்டப்பட்டது என்பதை மட்டும் கோப்புக்குச் சொல்லிவிடுங்கள்.

அதற்கு வழி நெடுங்காலமாகவே இருக்கிறது. பிடிஎஃப் 1.3 பதிப்பிலிருந்தே, ஆவணத்தின் வாசிப்புத் திசை வலமிருந்து இடம் என்று கோப்புக்குள் குறித்துவைக்க இடம் உண்டு. இக்குறிப்பு பக்கங்களின் உள்ளடக்கத்தையோ எண்ணையோ மாற்றாது. இரண்டு பக்கங்களை அருகருகே காட்டும்போதும், ஒரே தாளில் பல பக்கங்களை அச்சிடும்போதும் எது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கும். அடோபி அக்ரோபேட்டில் கோப்பின் பண்புகள் சாளரத்தில், மேம்பட்ட அமைப்புகளுக்குள், 'பைண்டிங்' என்ற இடத்தில் வலது விளிம்பு என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் இக்குறிப்பு பதிந்துவிடும். லினக்ஸில் எவின்ஸ் பயன்படுத்துவோர், இருபக்கக் காட்சியில் 'வலமிருந்து இடம் செல்லும் ஆவணம்' என்ற தெரிவைத் தாங்களே இட்டுக்கொள்ளலாம்.

நூலை விரித்து வைத்து இரு பக்கங்களையும் ஒரே படமாக ஸ்கேன் செய்திருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படத்தை இரண்டாக வெட்டும் மென்பொருள், கேளாமலே இடப்பாதியை முதல் பக்கமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் நூலுக்கு வலப்பாதிதான் முதலில் வர வேண்டும். ஸ்கேன்டெய்லர் என்ற இலவச மென்பொருள், பணியைத் தொடங்கும்போதே அரபு, எபிரேய நூல்களுக்காக இதைக் கேட்டுவிடுகிறது.

இருபக்கக் காட்சியோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை என்பதே என் கருத்து. மதீனாவில் அச்சாகும் குர்ஆன் பிரதி, பக்கத்துக்கு 15 வரிகளாக 604 பக்கங்கள் கொண்டது. அதைச் செல்பேசியில் படிக்கும் செயலிகளில் அடுத்த பக்கத்துக்குப் போக விரலை இடமிருந்து வலமாகத் தள்ளுகிறோம், தாளைப் புரட்டுவது போலவே. அதே செல்பேசியில் பொதுவான பிடிஎஃப் செயலி ஒன்றில் அரபு நூலைத் திறந்தால், விரல் எதிர்த்திசையில் போக வேண்டியிருக்கிறது. பக்கத்தைப் பெரிதாக்கினால் அது வெறுமையான இடது மூலையைக் காட்டுகிறது. வரி தொடங்குவதோ வலது மூலையில். ஜப்பானிய மாங்கா சித்திரக்கதைகளும் வலமிருந்து இடமாகப் புரட்டப்படுவதால், சுமாத்ரா பிடிஎஃப் போன்ற மென்பொருள்களில் இவ்வசதி 'மாங்கா முறை' என்ற பெயரிலேயே வந்தது. நூலை இபப் எனும் மின்னூல் வடிவில் வெளியிட நேர்ந்தால், அதிலும் பக்கம் புரளும் திசையைக் குறிக்க இபப் 3 பதிப்பில் இடம் இருக்கிறது.

உங்கள் நூல் அரபுத்தமிழில் இருப்பதால் ஒரு வார்த்தை. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டித் தமிழை எழுதிய மரபு அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் வீடுகளில் இன்னும் அத்தகைய நூல்கள் இருக்கின்றன. அரபு மொழிக்கென்று பழக்கப்பட்ட எழுத்துணரியிடம் அதைக் கொடுத்தால், தமிழ்ச் சொற்களை அரபுச் சொற்களாக ஊகித்து உரையைக் கெடுத்துவிடும். அந்தக் கெட்ட உரையைக் கோப்புக்குள் மறைவாகப் பதித்துவிட்டால் பிறகு தேடுவோரை அது திசைதிருப்பும். அதைவிட, படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தில் எந்தத் தலைப்பு தொடங்குகிறது என்பதைத் தமிழில் எழுதிப் பிடிஎஃபின் பக்கக்குறிகளாகச் சேர்த்துவிடுங்கள். அவரை இன்றே போய்ப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: உருது ஆசிரியை நான். வினாத்தாளை, உருதுவுக்கு வழக்கமான சரிந்த எழுத்துப்பாணியான நஸ்தலீக்கில் அழகாக அமைத்து அனுப்புகிறேன். மாணவர்களின் செல்பேசியில் அது அரபு எழுத்துப்போல் தட்டையாகத் தெரிகிறது. சிலருக்கு எழுத்தின் மேற்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. குழந்தைகள் படிக்கத் திணறுகிறார்கள்.
— வாசகி, வாணியம்பாடி

பதில்: நீங்கள் வேர்டு கோப்பாக அனுப்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டுமே வழக்கமாகச் செல்லும். அந்த எழுத்துரு மாணவரின் செல்பேசியில் இல்லையென்றால், அங்கே இருக்கும், அரபுக்கு வழக்கமான தட்டைப் பாணியான நஸ்க் எழுத்துருவைப் போட்டுக் காட்டிவிடும். பிடிஎஃப் ஆக மாற்றும்போது எழுத்துரு உள்ளேயே பொதியப்பட்டுச் செல்வதால் நீங்கள் அமைத்தபடியே தெரியும். வினாத்தாளுக்கு அதுவே ஏற்றது. மாணவர்கள் தட்டச்சு செய்து விடை எழுத வேண்டிய கோப்பென்றால், இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ நஸ்தலீக் உருது எழுத்துருவை அனைவரும் நிறுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மேற்பகுதி வெட்டுப்படுவதற்குக் காரணம் நஸ்தலீக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லும் வலப்புறம் உயரத்தில் தொடங்கி, இடப்புறம் கீழ்நோக்கிச் சரிந்து இறங்கும். சொல் நீளமாக ஆக, தொடக்க எழுத்து மேலே ஏறிக்கொண்டே போகும். ஆங்கில எழுத்தின் உயரத்தை அளவாக வைத்து வரி இடைவெளியைக் கணக்கிடும் மென்பொருள் தலையை வெட்டிவிடுகிறது. வரி இடைவெளியை 'துல்லியமாக இத்தனை புள்ளி' என்று நிர்ணயிக்காமல், தானாக விரியும்படி விட்டு அமையுங்கள்.

எளிதில் அச்சுக்கு அடங்கிய எழுத்தன்று அது. பாகிஸ்தானின் மிர்சா அஹ்மத் ஜமீல், ஆயிரக்கணக்கான கூட்டுவடிவங்களைத் தனித்தனியே எழுதித் தந்த பிறகுதான், 1981-இல் மோனோடைப் நிறுவனத்தின் கருவியில் நூரி நஸ்தலீக் உருவாகி, நாளிதழ்களைக் காதிப்கள் எனப்படும் எழுத்துக்கலைஞர்கள் கையால் எழுத வேண்டிய நிலை மாறத் தொடங்கியது. நம் சென்னைத் திருவல்லிக்கேணியிலோ 1927-இல் தொடங்கிய 'தி முசல்மான்' உருது நாளிதழ், அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் காதிப்களின் கையெழுத்திலேயே வந்தது.

மற்றொன்றையும் சரிபாருங்கள். உருதுவும் பாரசீகமும் யூனிகோடில் ஒரே எண்ணுருக்களைப் பகிர்ந்துகொள்கின்றன; ஆனால் 4, 7 போன்றவற்றின் வடிவம் இரண்டிலும் வேறுவேறு. கோப்பில் மொழி 'உருது' என்று குறிக்கப்பட்டிருந்தால்தான் எழுத்துரு சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். கணக்கு வினாத்தாளில் இதை விட்டுவிட்டால் சிறு குழந்தை 4-ஐ அடையாளம் காணாமல் விழிக்கும்.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டுத் திட்டமாக ஆவணம் காட்டும் மென்பொருள் ஒன்றை உருவாக்கி வருகிறோம். அரபு ஆவணம் வந்தால் பத்திகளை வலப்புறம் ஒதுக்கிக் காட்டும்படி செய்துவிட்டோம். வேறென்ன தேவை?
— மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வலப்புறம் ஒதுக்குவதும் திசையை அமைப்பதும் ஒன்றல்ல. இதைச் சோதிக்க, அரபு வாக்கியம் ஒன்றின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். பத்தியின் திசை இடமிருந்து வலமாக இருந்து, ஒதுக்கம் மட்டும் வலப்புறம் என்றால், புள்ளி வாக்கியத்தின் இடது முனையில் நிற்காமல் வலது முனையில், தொடக்க எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும். வெளியிலிருந்து திசை எதுவும் சொல்லப்படாவிட்டால், பத்தியில் உறுதியான திசையுள்ள முதல் எழுத்து எதுவோ அதன் திசையைப் பத்திக்குத் தருவது வழக்கம். அரபுப் பத்தி ஆங்கிலப் பெயர் ஒன்றோடு தொடங்கினால் அந்த ஊகம் தவறும். ஆகையால் வேர்டு, ஓபன்டாக்குமெண்ட் கோப்புகளில் எழுதியவர் குறித்துவைத்த திசையைத் தேடிப் படித்து மதியுங்கள். ஊகம் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

இருதிசை வழிமுறையை நீங்களே எழுத முயலாதீர்கள். ஐசியூ, ஃப்ரிபிடி ஆகிய ஆயத்த நிரல் நூலகங்கள் அதைச் செய்கின்றன. எழுத்துகளைச் சேர்த்து உருவாக்க ஹார்ஃபபஸ் இருக்கிறது. மூன்றும் திறமூலம். யூனிகோடு அமைப்பு இந்த வழிமுறைக்கென்றே சோதனைக் கோப்புகளையும் வெளியிடுகிறது. அவற்றை முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே முடிந்தது என்று சொல்லுங்கள்.

மாணவர் திட்டங்களில் அதிகம் விடுபடுவது உரையைத் தேர்ந்தெடுக்கும் பகுதி. அரபு வரியின் நடுவே ஆங்கிலச் சொல் இருக்கும்போது, அரபுப் பகுதியில் தொடங்கி ஆங்கிலச் சொல்லின் பாதிவரை சுட்டியால் இழுத்துப் பாருங்கள். சேமிப்பு வரிசையில் தொடர்ச்சியான அந்தத் துண்டு, திரையில் நடுவே இடைவெளி விட்டு இரண்டு தனிக் கட்டங்களாகத் தெரிய வேண்டும். ஒரே கட்டமாக வண்ணம் பூசும் மென்பொருள், பயனர் கேளாத எழுத்துகளையும் எடுத்துக் கொடுத்துவிடும்.

தேடலில், அரபு எழுத்தின் மேலும் கீழும் வரும் உயிர்க்குறிகளையும், அழகுக்காகச் சொல்லை நீட்டும் கஷீதா கோட்டையும் பொருட்படுத்தாமல் ஒப்பிடுங்கள். உயிர்க்குறியோடு அச்சான நூலில் குறியின்றித் தட்டச்சு செய்து தேடுவதே அரபு வாசகரின் இயல்பு. பயனர் இடைமுகத்தை அரபிக்கு மாற்றும்போது 'பின்செல்' அம்புக்குறி திரும்ப வேண்டும், பக்கப் பட்டியல் வலப்புறம் வர வேண்டும்; ஆனால் கடிகாரப் படத்தையோ, ஒலிப்பதிவை இயக்கும் முக்கோணத்தையோ திருப்பிவிடாதீர்கள். இவற்றையெல்லாம் முடித்த பின், அரபு அல்லது உருது அறிந்த ஒருவரிடம் மென்பொருளைக் கொடுத்து, நீங்கள் எதுவும் பேசாமல் அரை மணி நேரம் அருகில் அமர்ந்து பாருங்கள்.

கேள்வி: வணிகத்துக்காக மாலத்தீவிலிருந்து திவேஹி மொழியில் ஆவணங்கள் வருகின்றன. அதுவும் வலமிருந்து இடமா? எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன.
— வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆம், திவேஹியின் தானா எழுத்தும் வலமிருந்து இடமே. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்ணுருக்களிலிருந்து உருவானவை. அரபியைப்போல் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஆனால் 'ஃபிலி' எனப்படும் உயிர்க்குறிகளைக் கட்டாயம் எழுத வேண்டும், விட்டுவிட்டால் சொல் நிறைவுறாது. கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ வரிசையில் தானாவுக்கு எழுத்துரு உண்டு, நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவிய பின் எழுத்துகள் தெரிந்து, மேலும் கீழும் உள்ள ஃபிலிகள் மட்டும் இடம் தவறியோ வெட்டுப்பட்டோ நின்றால் கோளாறு மென்பொருளில்தான். அந்நிலையில் அனுப்புநரிடம் எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள்.